கல்லூரியில் கடை போடுவது எப்படி: 23 பனியன் மிச்சமான கதையோடு

ஊத்துக்குளியில் எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. உள்ளே 23 டி-ஷர்ட்டுகள். (எங்கள் பக்கம் எதைத் தைத்தாலும் அது பனியன்தான், நானும் அப்படியே எழுதுகிறேன்.) நேவி புளூ, முதுகில் ‘காமர்ஸ் 2018’. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடு கழுவும்போது அம்மா, "இதத் தூக்கிப் போட்றட்டுமா கண்ணு?" என்று கேட்பார். வேண்டாம் என்பேன். பி.காம். சி.ஏ.வில் நான் படித்த அடக்கவிலைக் கணக்கு முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இப்போது திருப்பூரில் எட்டு மிஷின் வைத்து ஒரு சின்ன யூனிட் நடத்துகிறேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று கல்லூரிகளில் தொழில்முனைவோர் மன்றத்தில் பேசக் கூப்பிடுவார்கள். போனால் பெரும்பாலும் திட்டப்போட்டிதான் நடக்கும். ஸ்லைடு போட்டு, ‘சந்தை இத்தனை கோடி’ என்று சொல்லி, கோப்பையை வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த திங்கட்கிழமை யாரும் எதையும் விற்பதில்லை. நான் சொல்ல வருவது வேறு. நிஜப் பொருள், நிஜக் காசு, லாப நஷ்டம் மாணவர்களுடையது, இடமும் அனுமதியும் மட்டும் கல்லூரியுடையது.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் பாப்சன் கல்லூரி, முதலாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து கல்லூரியிடமே கடன் வாங்கித் தொழில் நடத்துவதைப் பாடமாகவே வைத்துக் காட்டியது. பின்லாந்தின் ஜிவாஸ்கிலாவில் 1993இல் தொடங்கிய டீமியாகடெமியாவில் மாணவர்கள் கூட்டுறவுக் கம்பெனி தொடங்கி, நிஜ வாடிக்கையாளருக்கு வேலை செய்தே பட்டம் வாங்குகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் 1926இல் வந்தது, பொறியியல் கல்லூரி 1951இல். படிக்கிற இடத்துக்குள்ளேயே சந்தைக்குப் போகிற பொருள் செய்யும் பட்டறை என்பது இந்த ஊருக்குப் பழகிய சங்கதி.

சரி, எதை விற்பது?

ஐடியா தேடி உட்காராதீர்கள். விடுதியில் பக்கத்து அறைக்காரர் எந்த ஊர் என்று கேளுங்கள். சென்னிமலை என்றால் பெட்ஷீட், பவானி என்றால் ஜமக்காளம், கரூர் என்றால் துண்டு, காங்கேயம் என்றால் தேங்காய் எண்ணெய். ஈரோட்டுக்காரர் யாராவது இருந்தால் திங்கட்கிழமை ராத்திரி ஜவுளிச் சந்தைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்; ஒரு செமஸ்டர் மார்க்கெட்டிங் அங்கே ஒரே ராத்திரியில் நடக்கும். நான் பார்த்ததிலேயே கெட்டிக்கார வியாபாரம் என் ஜூனியர் ஒருவன் செய்தது. அட்மிஷன் நடக்கும் வாரத்தில் விடுதி வாசலில் சென்னிமலை பெட்ஷீட்டும் தலையணை உறையும் வைத்து உட்கார்ந்தான். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள் பேரம்கூடப் பேசவில்லை. சித்தப்பா தறியிலிருந்து வந்த சரக்கு, ஐந்தே நாள் கடை. அப்புறம் வருஷம் முழுக்கப் படித்தான்.

முதல் தடவை, ஒரே ஆள் தூக்கக்கூடிய பொருளாக, மூன்று நாளில் கெடாததாக எடுங்கள். எங்கள் ஊர் வெண்ணெய்க்குப் பேர் போனதுதான், ஆனால் விடுதியில் ஃபிரிட்ஜ் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள். சாப்பிடும் பொருள் எதுவானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். ‘விடுதிக்குள்தானே’ என்று விட்டுவிட முடியாது.

அனுமதிக் கடிதம் ஒரு பக்கம் போதும். என்ன விற்கிறோம், எங்கே, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, தகராறு வந்தால் யாரைக் கேட்பது. ஒரு பேராசிரியரின் கையெழுத்தோடு முதல்வரிடம் கொடுங்கள். கல்லூரியிடம் காசு கேட்காதீர்கள், ஒரு மேஜையும் மின்விசிறியும் கேளுங்கள். மாணவர் தொழில்களுக்கென்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2019இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. உங்கள் கல்லூரி அதை ஏற்றிருக்கிறதா என்று கேட்டுவையுங்கள். வருகைப் பதிவில் சலுகை கேட்க அதுதான் பிடி.

ஜிஎஸ்டி என்றாலே பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்கிற ஆளுக்கு வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வெளிமாநிலத்துக்கு அனுப்புவது வேறு கதை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போட்டு வசூலிக்கக் கூடாது. ஆனால் வாங்கும் சரக்கில் வரி இருக்கும், அது உங்கள் அடக்கத்தில் சேரும். ஆடைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம். தொழில் தொடர்ந்து ஓடினால், சிறு தொழில்களுக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அது இலவசம், செய்து தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இனி அந்த 23 பனியன்.

நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கு 2,000 போட்டோம். ‘எனக்கும் ஒன்னு’ என்று வாட்ஸ்அப்பில் பெயர் கொடுத்தவர்கள் 190 பேர். துணிந்து 200 போட்டோம். அப்பா திருப்பூரில் டீக்கடை வைத்திருந்தார். அங்கே டீ குடிக்கும் கட்டிங் மாஸ்டர் ஒருவர் ஒரு கம்பெனியைக் கைகாட்டினார். பிளெயின் பனியன் வரியோடு 118 ரூபாய். பிரிண்ட் இரண்டு கலர், பீஸுக்கு 22. கலருக்கு ஒரு ஸ்கிரீன் (மை இறங்கும் அச்சுச் சட்டம்), ஸ்கிரீனுக்கு 400, ஆக 800. வண்டிச் செலவு 900. கவர் இரண்டு ரூபாய் வீதம் 400. கூட்டினால் 30,100. பீஸுக்கு நூற்றைம்பதரை ரூபாய் அடக்கம். விலை 220 வைத்தோம். பீஸுக்கு அறுபத்தொன்பதரை, இருநூறுக்கு 13,900 லாபம் என்று மனக்கணக்குப் போட்டு, ஊட்டிக்குப் போவதா வால்பாறைக்குப் போவதா என்றுகூடச் சண்டை வந்தது.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 30,100ஐ 220ஆல் வகுத்தால் 136.8 வரும். அதாவது 137வது பனியன் காசாகும்வரை நாங்கள் போட்ட முதலைத்தான் திரும்ப எடுக்கிறோம். லாபம் முழுக்கக் கடைசி 63 பனியனில் உட்கார்ந்திருக்கிறது. ‘பீஸுக்கு இவ்வளவு லாபம்’ என்று நினைப்பவருக்கு முதல் பனியனிலேயே காசு வந்த மாதிரி இருக்கும், அங்கேதான் கை தாராளமாகிறது. எதைத் தொடங்கினாலும் இந்த ஒரு வகுத்தலைப் போட்டு, வரும் எண்ணை மேஜையில் ஒட்டிவையுங்கள்.

பிரிண்டிங் நடக்கும்போது நேரில் நில்லுங்கள். சனிக்கிழமை பீளமேட்டில் பாசஞ்சர் ஏறித் திருப்பூரில் இறங்கிப் பட்டறைக்குப் போனேன். பன்னிரண்டு பீஸ் ஓடிக் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்தால் காமர்ஸில் ஒரு எம் குறைகிறது. "ஏனுங்ணா, எழுத்து தப்பா இருக்குதுங்களே" என்றேன். அந்த அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க அனுப்புன ஃபைல்ல இருக்கறதத்தான் கண்ணு அடிச்சம்." உண்மை. ஃபைலை அனுப்பியது நான். புது ஸ்கிரீன் ஒன்று, 400. பாழான பன்னிரண்டும் மீடியம். அந்த ரயில் தவறிப் போயிருந்தால் இருநூறும் போயிருக்கும்.

அளவு விஷயம் அதைவிட மோசம். ஐந்து அளவு, ஆளுக்குச் சமமாக நாற்பது நாற்பது என்று போட்டோம், ஏதோ சொத்துப் பாகம் பிரிக்கிற மாதிரி. திருப்பூரில் எந்தக் கம்பெனியும் அப்படிப் போடாது. எஸ், எம், எல், எக்ஸ்எல் என்றால் 1:2:2:1 என்கிற மாதிரி ஒரு ரேஷியோ வைப்பார்கள். மீடியம் முதல் நாளே தீர்ந்தது. டபுள் எக்ஸ்எல் 17, ஸ்மால் 6 நின்றது. பரண்மேல் இருப்பது அவைதான். பெயர் வாங்கும்போதே அளவையும் வாங்குங்கள், கூடவே முன்பணமும். பெயர் மட்டும் கொடுத்த 190 பேரில் வாங்கியவர்கள் 165. அடுத்த லாட்டில் 120 ரூபாய் கட்டினால்தான் பட்டியலில் பெயர் என்றோம். பனியன் 118, முன்பணம் 120. துணிக்காசு யார் தயவும் இல்லாமல் கைக்கு வந்துவிட்டது. முதல் தடவை அது இல்லாததால் பாக்கிக்கு அந்தக் கம்பெனியில் ஒரு மாதத் தவணை கேட்டோம். கொடுத்தார்கள். எங்களை நம்பி அல்ல, அப்பாவின் முகத்துக்காக. நான் அடகு வைத்தது அவர் பெயரை என்பது அப்போது புரியவில்லை.

வசூல்தான் தொழில்

விற்ற 165இல் 24 பேர் கடன் சொன்னார்கள். நண்பர்கள், எப்படி இல்லை என்பது? கடைசிவரை 11 பேர் தரவில்லை. ஆக, கையில் வந்தது 154 பேர் காசு, 33,880. செலவு புது ஸ்கிரீனோடு 30,500. மிச்சம் 3,380. ஆறு வார உழைப்புக்கு ஆளுக்கு 676 ரூபாய். வால்பாறையும் இல்லை, ஊட்டியும் இல்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் புலம்பினேன். கடையில் கூட்டம் இல்லாத நேரம். பற்று நோட்டை எடுத்து முன்னால் போட்டார். கம்பெனிக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு வரி. "என்னிக்கு விக்க ஆரம்பிச்ச?" என்றார். 24ஆம் தேதி என்றேன். சிரித்தார். "பனியன் கம்பெனியில சனிக்கெழம சம்பளம். நான் சனிக்கெழம சாயந்தரந்தான் நோட்டெ எடுப்பேன். புதங்கெழம கேட்டா எவங்கிட்ட கண்ணு காசு இருக்கும்?"

விடுதிப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து காசு வருவது ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்துக்குள். பத்துக்குமேல் கேன்டீனிலேயே கணக்கு வைப்பார்கள். நாங்கள் மாதக் கடைசியில் கடை விரித்துவிட்டு, ‘ஜனங்கள் ஏமாற்றுகிறார்கள்’ என்று வருத்தப்பட்டோம். அடுத்த லாட்டை இரண்டாம் தேதி கொடுத்தோம், பாக்கி நின்றது இரண்டே பேர். உங்கள் கல்லூரியில் காசு எந்த நாள் வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

கடன் கொடுப்பதாக இருந்தால் அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள், அவர்களையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மூஞ்சி கோணும். கோணட்டும். கேட்கிற வேலையை அந்த ஆளுக்கு நெருங்காத ஒருவருக்குக் கொடுங்கள். என் அறைத்தோழியிடம் என்னால் கடைசிவரை கேட்க முடியவில்லை, அந்தப் பதினொன்றில் அவளும் ஒருத்தி. இன்றும் நல்ல தோழிதான், 220 ரூபாய் பாக்கியோடு.

வேலையைப் பிரிக்கும்போது பதவி வேண்டாம். ஐந்து பேரில் ஒருவர் சிஇஓ, ஒருவர் சிஎஃப்ஓ என்று அட்டை அடிக்கிறார்கள், சரக்கு எண்ண ஆளில்லை. 1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டபோது ஓட்டுநரும் அவர்தான். வாங்குவது ஒருவர், விற்பது இருவர், காசு ஒருவர், சரக்கு எண்ணுவது ஒருவர். காசு வைத்திருப்பவரும் சரக்கு எண்ணுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு. இருவர் பெயரில் ஒரு தனி வங்கிக் கணக்கு வையுங்கள். எங்கள் காசெல்லாம் என் போன் நம்பருக்கு வந்து, மெஸ் பணத்தோடும் சித்தி அனுப்பிய தீபாவளிப் பணத்தோடும் கலந்து, அதைப் பிரிக்க ஒரு ராத்திரி ஆனது.

ஞாயிறு ராத்திரி சாப்பிட்டதும் அரைமணி நேரம் ஐவரும் உட்காருங்கள். காசை எண்ணி, சரக்கை எண்ணி, நோட்டோடு ஒத்துப்பாருங்கள். வேறு எதுவும் பேச வேண்டாம். தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் கடையை மூடிவிடுங்கள். அரியர் வைத்துவிட்டு ‘நான் தொழிலதிபர்’ என்று சொன்னால் வீட்டில் விளக்குமாறுதான் வரும்.

கடைசி வருஷம் தை மாதத்திலேயே ஜூனியர்களிடம் ஒப்படைக்கத் தொடங்குங்கள். பெரும்பாலான மாணவர் தொழில்கள் பட்டமளிப்பு விழாவோடு செத்துப்போவது நோட்டு கைமாறாததால்தான். சரக்கு, நோட்டு, சப்ளையர் நம்பர், யார் யாரிடம் பாக்கி, எந்தப் பட்டறை சொன்ன தேதிக்குத் தராது என்பதுவரை எழுதிக் கொடுங்கள். சப்ளையரிடம் ஒருமுறை நேரில் கூட்டிப்போய் முகம் காட்டுங்கள்.

2019 பிப்ரவரியில் நாங்கள் ஒப்படைத்தபோது பொறுப்பெடுத்த பெண் கோபிக்காரி. விடுதிக் கட்டிலில் பனியன்களைப் பரப்பி, அளவு வாரியாக அடுக்கி, இருமுறை எண்ணினாள். "நோட்டுல 31 இருக்குதுங்க அக்கா, இங்க 29தான் இருக்குது."

யோசித்துப் பார்த்தேன். ஒன்று வாட்ச்மேன் தாத்தாவுக்கு, ஒன்று மெஸ் அக்காவுக்கு. நானே கொடுத்தது, எழுதவில்லை. பர்ஸை எடுத்தேன்.

அவள் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள்: "அடக்கத்துக்குங்களா, விக்கற வெலைக்குங்களா?"