மஜ்ஜை சோர்ந்தவரின் வீட்டார் கவனிக்க வேண்டியவை

அப்லாஸ்டிக் அனீமியாவை வெறும் ரத்தசோகை என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே எலும்பு மஜ்ஜையின் மூல அணுக்களைத் தாக்குவதால் சிவப்பணு, வெள்ளையணு, ரத்தம் உறைய உதவும் தட்டணு மூன்றும் ஒருசேரக் குறைகின்றன. முருங்கைக்கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் இதைத் தீர்க்கா. பலமுறை ரத்தம் ஏற்றியவருக்கு உடலில் இரும்பு தேங்குவதே பின்னாளில் ஒரு சிக்கலாகிறது.

எல்லாவற்றிலும் அவசரமானது காய்ச்சல். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழ் இறங்கியவருக்கு உடல் வெப்பம் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குடியாத்தத்திலோ திருப்பத்தூரிலோ இருப்பவர்கள், நள்ளிரவில் எந்த வண்டியில் புறப்படுவது, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக்கை உடனே தொடங்கக்கூடிய மருத்துவமனை அருகில் எது என்பதை முன்பே முடிவுசெய்து, கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். உணவு வழியாகவும் கிருமி தொற்றும் என்பதால், கத்திரி வெயிலில் பேருந்து நிலையத்தில் வெட்டிவைத்த தர்பூசணி வேண்டாம். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயை நன்கு வேகவைத்துத் தாராளமாகக் கொடுக்கலாம்.

தட்டணு குறைந்திருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், இடுப்பில் போடும் ஊசி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். திடீரென்று கடும் தலைவலி வந்தால் மூளையில் ரத்தக்கசிவு இருக்கலாம் என்று கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ரத்தம் வேண்டும் என்றதும் அண்ணனும் தங்கையும் முதலில் கை நீட்டுவது நம் ஊர் வழக்கம். ஆனால் மஜ்ஜை மாற்றும் எண்ணம் இருந்தால், உடன்பிறந்தோர், பெற்றோர் ரத்தத்தை ஏற்றக் கூடாது. நோயாளியின் உடல் அதற்கு எதிர்ப்பை வளர்த்துக்கொண்டால், அவர்கள் தரும் மஜ்ஜையைப் பிறகு அது ஏற்காமல் போகலாம். இதைச் சொல்ல வீட்டார் தயங்குகிறார்கள், தயங்காமல் சொல்லுங்கள்.

ஒவ்வோர் உடன்பிறப்புக்கும் மஜ்ஜைப் பொருத்தம் அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொருந்தினால், இளவயதினருக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சையே நல்ல வழி, வேலூர் சி.எம்.சி.யில் இது 1986 முதல் நடைபெறுகிறது. பொருந்தாதோர்க்கும், வயதானோர்க்கும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளான ஏ.டி.ஜி.யுடன் சைக்ளோஸ்போரின் தருவார்கள். அதன் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம் என்பதால், முதல் மாதத்திலேயே மருந்து தோற்றதென்று நிறுத்துவது பெரும் பிழை. சைக்ளோஸ்போரினைப் பின்னாளில் குறைக்கும்போதும் மருத்துவர் சொன்னபடி சிறுகச் சிறுகவே குறைக்க வேண்டும். நோய் திரும்புவது உண்டு.

குணமானவர்களில் சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் பி.என்.எச். என்னும் சிவப்பணுச் சிதைவு நோயோ ரத்தப் புற்றுநோயோ தோன்றக்கூடும். எனவே பரிசோதனைக்குச் செல்வதை நிறுத்தாமல், காலைச் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் வந்தாலோ, காரணமின்றி வயிற்றுவலி நீடித்தாலோ அடுத்த தவணைவரை பொறுக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.