கனடா போகும் துணைக்கு முதல் கடனட்டை

கல்யாணம் வெள்ளவத்தையில் முடிந்து, ஸ்பொன்சர் அலுவல் சரிவந்து, மனைவி ரொறொன்ரோவில் இறங்கும் நாளில் கணவனின் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறார் என்று காட்டும் எண், 800 ஆக இருக்கலாம். மனைவிக்கு ஸ்கோர் குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது, அவர் பெயரில் கடன் வரலாற்றுக் கோப்பே இல்லை. கனடாவில் ஸ்கோர் 300 இலிருந்து 900 வரை போகும். அது ஆளுக்கு ஆள் தனி. தாலி கட்டியதால் ஒருவருடையது மற்றவருக்கு ஒட்டாது. கொழும்பில் எவ்வளவு ஒழுங்காகக் கடன் கட்டியிருந்தாலும் கிரிப் எனப்படும் இலங்கைக் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை வைத்து அங்கே கோப்புத் திறக்க முடியாது. மனைவி அங்கே இருக்க, கணவன் போய்ச் சேரும் வீடுகளிலும் இதே நிலைதான்.

வேலை கொழும்பிலேயே தொடங்குகிறது, பெயரிலிருந்து. எங்கள் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் ஓரிடத்தில், சொந்தப் பெயர் ஓரிடத்தில். கல்யாணப் பதிவில் வேறு எழுத்துக்கூட்டல், விசா விண்ணப்பத்தில் கணவன் பெயர் கடைசியில். கனடாவில் கடன் வரலாற்றைப் பதியும் ஈகுவிஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்களும் பெயர், பிறந்த திகதி, முகவரி ஆகியவற்றைப் பொருத்தித்தான் ஒரு கோப்பைக் கட்டுகின்றன. வங்கியில் ஒரு பெயரும் தொலைபேசிக் கணக்கில் இன்னொரு பெயரும் இருந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு அரைகுறைக் கோப்புகள் உண்டாகலாம். ஆகவே கடவுச்சீட்டில் உள்ளபடி ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போய் நிரப்பும் ஒவ்வொரு படிவத்திலும் அதே எழுத்து, அதே வரிசை. திகதியும் கவனம். நாங்கள் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுவோம், அங்கே பல படிவங்கள் ஆண்டில் தொடங்கும். 04.07 எப்போது ஏப்ரல், எப்போது ஜூலை என்பதில்தான் அதிகம் பிழை வருகிறது.

புறப்படுமுன் இன்னொன்று. யாருடைய லீசிங்குக்காவது பிணை நின்றிருந்தால் அதை முடித்துவிட்டுப் போவது நல்லது. கனடாக் கோப்பை அது தொடாது. ஆனால் அவர் கட்டாமல் விட்டால் இங்குள்ள கிரிப் பதிவில் உங்கள் பெயரும் வரும். சொந்தக்காரரிடம் இதைக் கேட்பது சங்கடம்தான்.

அங்கே இறங்கியதும் முதலில் சின் எனப்படும் ஒன்பது இலக்கச் சமூகக் காப்புறுதி இலக்கம். சேர்விஸ் கனடாவில் இலவசமாகவே கிடைக்கும், காசு கேட்கும் இணையத்தளங்களுக்குப் போகவேண்டாம். அடுத்தது மனைவியின் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு. அந்தக் கணக்கோ அதன் டெபிட் அட்டையோ ஸ்கோரை வளர்க்காது. ஆனால் அட்டைக்கு விண்ணப்பிக்கவும் பில் கட்டவும் அது வேண்டும். கடனட்டைப் படிவத்தில் சின் கட்டாயமில்லை. கொடுத்தால் கோப்புச் சரியாகப் பொருந்த உதவும்.

இனி அட்டை. பலர் செய்யும் முதல் பிழை, கணவனின் அட்டையில் ஒரு துணை அட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பது. அந்தக் கணக்கு கணவனுடையது. பல வங்கிகளில் அது மனைவியின் கோப்பில் ஏறுவதேயில்லை. இரண்டு வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போகும்போதுதான் இது தெரியவரும். மனைவி முதன்மை அட்டைதாரராக இருக்க வேண்டும்.

பெரிய வங்கிகளிடம் புதிதாக வந்தவர்களுக்கென்றே கணக்குத் திட்டங்கள் உண்டு. கடன் வரலாறு இல்லாமலே சிறிய கடனட்டை தருவார்கள். நிரந்தர வதிவிட ஆவணத்தோடு நேரே கிளைக்குப் போய்க் கேளுங்கள். மறுத்தால் வைப்புப் பிணை அட்டை: 500 டொலர் வைப்பிலிட்டால் பெரும்பாலும் 500 டொலர் கடன் எல்லை. அந்த வைப்பு உங்கள் பில்லைக் கட்டாது. அது வங்கியின் பாதுகாப்புக்கு, பில் வேறாக மாதாமாதம் கட்டியே ஆகவேண்டும். முன்கூட்டிக் காசு ஏற்றும் பிரீபெய்ட் அட்டை பார்வைக்கு இதேபோல இருக்கும், ஆனால் பொதுவாக அதில் கடன் இல்லாததால் கோப்பும் வளராது. கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி போதும்: இரண்டு நிறுவனங்களுக்கும் மாதாமாதம் அறிவிக்கிறீர்களா?

ஒன்று கிடைத்ததும் நிறுத்துங்கள். ஸ்காபரோ மோல்களில் கடைக்குக் கடை தள்ளுபடியோடு அட்டை நீட்டுவார்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் கோப்பில் விசாரணையாகப் பதிவாகும். ஒரே வாரத்தில் நான்கு இருந்தால் காசுக்கு அந்தரப்படுகிற ஆள் போலத் தெரியும். தன் கோப்பைத் தானே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

பாவிக்கும் முறைதான் உண்மையான வேலை. எல்லையில் 30 வீதத்துக்குக் கீழே நில்லுங்கள், 500க்கு 150. இதில் பலருக்குப் பிடிபடாத இடம்: நிறுவனங்களுக்குப் போவது பொதுவாக ஸ்டேட்மென்ட் போடும் நாளில் இருக்கும் மீதி. மரக்கறி, அரிசி, பஸ் காசு என்று 400 டொலர் போட்டு, கடைசித் திகதிக்குள் முழுவதும் கட்டினாலும், அந்த மாதம் 80 வீதம் பாவித்ததாகவே பதிவாகும். ஆகவே ஸ்டேட்மென்ட் நாளுக்கு மூன்று நான்கு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். மிச்சத்தை ஸ்டேட்மென்ட் வந்த பின் முழுதாகக் கட்டினால் வட்டி இல்லை. அதற்குக் குறைந்தது 21 நாள் அவகாசம் உண்டு.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் நேரத்துக்குக் கட்டியதாகவே பதிவாகும், பைதான் ஓட்டையாகும். 20.99 வீத வட்டியில் 500 டொலரை வைத்திருந்தால் மாத வட்டி ஏறக்குறைய 8 டொலர் 75 சதம். 10 டொலர் கட்டினால் கடனில் குறைவது ஒன்றேகால் டொலர். ஏ.ரி.எம்.இல் கடனட்டையால் காசு எடுக்கவே வேண்டாம், அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி.

ஆறு மாதமளவில் இரண்டு நிறுவனங்களிடமும் கோப்பை இலவசமாக எடுத்துப் பாருங்கள். கணக்குக்குப் பக்கத்தில் ஆர் 1 என்றிருந்தால் நேரத்துக்குக் கட்டியதாகப் பொருள். ஆர் 2 என்றால் 30 நாளுக்கு மேல் பிந்தியது, ஆர் 9 என்றால் வராக்கடன். ஸ்கோரைவிடப் பெயரையும் பழைய முகவரியையும் பிறந்த திகதியையும் முதலில் பாருங்கள். பிழை இருந்தால் அந்த நிறுவனத்திடமே திருத்தக் கேட்கலாம், கட்டணம் இல்லை. வைப்புப் பிணை அட்டையை மூடுவதைவிட, அதே வங்கியில் சாதாரண அட்டையாக மாற்றித் தரக் கேட்பது மேல். பொதுவாகக் கணக்கின் வயது தொடரும், வைப்பும் திரும்பி வரும்.

திருவிழாவுக்கோ தங்கச்சியின் கல்யாணத்துக்கோ இரண்டு மாதம் கொழும்புக்கு வரும்போதுதான் ஒழுங்கான கோப்புகள் கெடுகின்றன. ரோமிங் இல்லாத கனடா சிம் இங்கே வேலை செய்யாது, ஓ.ரி.பி. எனும் ஒருமுறைக் கடவுச்சொல் வராது, வங்கிச் செயலிக்குள் நுழைய முடியாது, பில் 30 நாள் தாண்டிவிடும். புறப்படுமுன் முழுத்தொகைத் தானியங்கிக் கட்டணத்தை அமைத்து, அதற்குரிய கணக்கில் காசு விட்டு வாருங்கள். புறக்கோட்டையில் அந்த அட்டையை நீட்டினால் பொதுவாக 2.5 வீதம் வெளிநாட்டுக் கட்டணம் கூடும், அங்கே ரூபாயைக் கொடுப்பதே மலிவு.