படிக்கிறான், ஆனால் புரியவில்லை: ரங்கூன் வீட்டில் நான் செய்து பார்த்தது

அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் பர்மிய மொழி, வீட்டில் தமிழ்ப் பேச்சு. கோயில் வகுப்பில் தமிழ் எழுத்தெல்லாம் கற்றுவிட்டான். ஆனால் நாலு வரியைத் திக்கித் திக்கிப் படித்ததும், "என்னடா சொல்லுது?" என்று கேட்டால், "தெரியல அத்தை" என்பான். இதைச் சரிசெய்ய எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

எழுத்து கற்றுக்கொடுப்பதை இங்கே எழுதப்போவதில்லை. (ஒன்று மட்டும்: பர்மிய எழுத்திலும் கொம்பு மெய்க்கு முன்னால்தான் வரும், முன்னும் பின்னுமாகக் குறிகள் சூழ்வதும் உண்டு. அதனால் கெ, கொ எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுலபம்.)

படி 1. நாற்பது சொல்லுக்கு மிகாமல் ஒரு துண்டு, அவனுக்குத் தெரிந்த விஷயமாக, நீங்களே எழுதுங்கள். நான் தெருமுனை மொய்ங்காக் கடையைப் (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ் விற்கும் கடை) பற்றி எழுதினேன். நோட்டில், கையால். போன் திரை வேண்டவே வேண்டாம். அதில் பென்சில் கோடு போட முடியாது.

படி 2. முதலில் நீங்கள் படித்துக் காட்டுங்கள். பிறகு அவன் அதையே மூன்று நான்கு தடவை படிக்கட்டும். எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் கரைந்துபோனால் பொருளுக்கு மிச்சம் இருக்காது என்று லபெர்ஜ், சாமுவேல்ஸ் என்ற வாசிப்பு ஆய்வாளர்கள் 1974-இல் விளக்கினார்கள். இப்படித் திரும்பத் திரும்பப் படிக்கும் முறையைப் பற்றி 1979-இல் எழுதியவரும் அதே சாமுவேல்ஸ்தான்.

நான் சறுக்கியது இங்கேதான். வேகம் கூடட்டும் என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தேன். முற்றுப்புள்ளியில்கூட நிற்காமல் ஓடினான். முடித்ததும் எத்தனை நொடி என்று கேட்டானே தவிர, கடையில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடிகாரத்தை அன்றோடு ஓரங்கட்டினேன்.

படி 3. இதற்கு நேரம் கொடுங்கள். "மாமா கடையைத் திறந்ததும் மழை பிடித்துக்கொண்டது" என்று ஒரு வரி. அவன் "மழை பிடித்து… கொண்டது" என்று உடைத்தான். என்ன நடந்தது என்றேன். "மாமா எதையோ புடிச்சாரு" என்றான்!

"திறந்ததும்" என்ற சொல்லுக்குப் பிறகு பென்சிலால் ஒரு சாய்கோடு போட்டேன். கோட்டில் மட்டும் மூச்சு, மற்றபடி ஒரே இழுப்பு. அப்புறம், "இதையே அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவே?" என்று கேட்டேன். உதட்டுக்குள் முனகிப் பார்த்துவிட்டு, "மழ புடிச்சுக்கிச்சு… ஓ, அதுவா!" என்றான். நம் எழுத்து ஒரு தமிழ், பேச்சு ஒரு தமிழ். காதில் ஏற்கெனவே இருப்பதோடு இதைச் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இப்போதெல்லாம் கோடு எங்கே போடுவது என்று என்னோடு சண்டை போடுகிறான்.

படி 4. எழுத்தெழுத்தாக விரல் வைக்க விடாதீர்கள். படித்த வரியை மேலிருந்து ஓர் அட்டையால் மூடிக்கொண்டே வாருங்கள். கண் முன்னே போகும்.

பிற்சேர்க்கை: மொரிஷியஸிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். வீட்டில் கிரியோல் பேசும் மகள், நான்காம் தடவை அழகாகப் படிக்கிறாளாம். பொருள் மட்டும் பூஜ்யம். நியாயம்தான். கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் இதைப் பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: எழுத்தைப் படிக்கும் திறன், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. என் பையனுக்குக் காது தயாராக இருந்தது. உங்கள் மகளுக்கு முதலில் கதையை வாயால் சொல்லுங்கள், தெரியாத ஐந்தாறு சொல்லைப் பேச்சில் பழக்குங்கள். நோட்டு அடுத்த நாள் வரட்டும்.