பனி போன பிறகு கவனிக்க வேண்டியது: வடசமவெளிக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் காற்றையும் புல்தீயையும் பற்றி

நார்த் டகோட்டா, சவுத் டகோட்டா பக்கம் வேலையோ படிப்போ கிடைத்து வருகிறவர்களிடம் எல்லோரும் பனியைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த ஜாக்கெட், எந்த பூட்ஸ், காருக்கு எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் போட வேண்டுமா, அத்தனையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மார்ச் கடைசியில் பனி உருகி நல்ல வெயில் வந்ததும் "அப்பாடா, தப்பிச்சோம்" என்று நாம் உட்காரும்போதுதான் இந்த ஊரின் அடுத்த சீசன் ஆரம்பிக்கிறது, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஃபார்கோ, பிஸ்மார்க், சூ ஃபால்ஸ், ராப்பிட் சிட்டி என்று எங்கே இருந்தாலும் சரி, மார்ச் பிற்பாதியிலிருந்து மே கடைசி வரை காலையில் போனை எடுத்தால் வெப்பநிலைக்கு முன்னால் காற்றின் வேகத்தைப் பாருங்கள்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று இங்கே பங்குனி சித்திரையிலேயே வந்துவிடும். வடக்கே கனடாவில் குளிர் இன்னும் விடாமல் இருக்கும், தெற்கே வெப்பம் ஏறியிருக்கும், நடுவில் மாட்டிய இந்தச் சமவெளி வழியாகக் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகும், தடுக்க மலையும் கிடையாது காடும் கிடையாது. சென்னை, கடலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். பலத்த காற்று என்றால் கூடவே மழையும் வரும் என்று மனம் பழகிவிட்டது. இங்கே மேகமே இல்லாத வானம், சுள்ளென்று வெயில், அதில் மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் பொழுது சாயும் வரை விடாமல் வீசும்.

காற்று மட்டும் என்றால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடலாம். சிக்கல் புல்லில்தான் இருக்கிறது. குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் படுத்துக் கிடந்த போன வருஷத்துப் புல் செத்து, வெளுத்து, வைக்கோலாகக் கிடக்கும். புதுப் புல் எழும்பி எங்கும் பச்சை பிடிக்க மே பிற்பாதி ஆகிவிடும், சில வருஷம் ஜூனே வந்துவிடும். பனி போய்ப் பச்சை வராத இந்த இடைவெளிதான் ஆபத்து. "நேற்றுத்தானே மழை பெய்தது, தரை இன்னும் சேறாக இருக்கிறதே" என்ற கணக்கு இங்கே எடுபடாது; மெல்லிய புல் வெயிலும் காற்றும் பட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், காலடியில் சேறு இருக்கும்போதே மேலே எரியும். குட்டை ஓரங்களில் ஆளுயரம் காய்ந்து நிற்கும் சம்பங்கோரை இன்னும் மோசம், கீழே தண்ணீர் நின்றாலும் மேலே சடசடவென்று பிடிக்கும். போதாக்குறைக்கு மதிய நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். ஸ்வெட்டரைக் கழற்றும்போது பட்டென்று ஷாக் அடிக்கிறது, உதடு வெடிக்கிறது என்றால் வெளியே புல்லும் அதே நிலையில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கலிஃபோர்னியா சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் 2021ஐப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் மார்ச் 29 அன்று ராப்பிட் சிட்டியின் மேற்கு ஓரத்தில் பிடித்த ஷ்ரோடர் தீ 2,000 ஏக்கருக்கு மேல் எரித்தது, 400 வீடுகளுக்கு மேல் காலி செய்யச் சொன்னார்கள், அதே சமயம் பக்கத்தில் எரிந்த தீயால் மவுண்ட் ரஷ்மோரையும் மூடினார்கள். ஏப்ரல் 1 அன்று நார்த் டகோட்டாவின் மெடோரா ஊரையே காலி செய்தார்கள். தியடோர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வண்டியை நிறுத்தும் அதே மெடோராதான். இலையுதிர் காலத்திலும் இதே கதை திரும்ப வரும்: 2024 அக்டோபரில் மேற்கு நார்த் டகோட்டாவில் ரே, டியோகா ஊர்ப்பக்கம் பரவிய தீயில் இரண்டு பேர் இறந்தார்கள்.

சரி, எதைப் பார்ப்பது? தேசிய வானிலைச் சேவையின் அறிவிப்புகள்தான் முதலில். ஃபயர் வெதர் வாட்ச் என்றால் ஒன்றிரண்டு நாளில் நிலைமை மோசமாகலாம் என்று முன்கூட்டியே சொல்வது, ரெட் ஃபிளாக் வார்னிங் என்றால் வந்தேவிட்டது, அன்றைக்கு வெளியே தீக்குச்சி கூடக் கிழிக்காதீர்கள். இது தவிர புல்தீ அபாயத்துக்கு தினமும் ஒரு அளவு போடுவார்கள்: லோ, மாடரேட், ஹை, வெரி ஹை, எக்ஸ்ட்ரீம். நார்த் டகோட்டாவில் எரிப்புத் தடையை கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) போடும், பல கவுண்டிகளில் அந்தத் தடை இந்த அளவோடு கட்டப்பட்டிருக்கும், அதனால் நேற்று அனுமதி இருந்தது இன்று இருக்காது, பக்கத்து கவுண்டி நண்பர் வீட்டில் செய்ததை உங்கள் வீட்டில் செய்ய முடியாமல் போகும். மாநில அரசின் என்.டி. ரெஸ்பான்ஸ் தளத்தில் வரைபடமாகவே இருக்கிறது. காற்றுக்கு மட்டும் தனி அறிவிப்பு உண்டு: விண்ட் அட்வைசரி என்றால் வீச்சு மணிக்கு 46 மைலைத் தொடும், ஹை விண்ட் வார்னிங் என்றால் 58 மைல், அதாவது 93 கிலோமீட்டர்.

இப்போது நம்ம ஆட்களின் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு, முதல் நல்ல சனிக்கிழமையில் பத்துக் குடும்பம் சேர்ந்து பின்முற்றத்திலோ பூங்காவிலோ பிரியாணி போடுவது வழக்கம். தம் போட மூடிமேல் கரித்துண்டைப் பரப்புவோம் இல்லையா, ரெட் ஃபிளாக் நாளில் அது வேண்டவே வேண்டாம், ஓவனில் வையுங்கள், ருசி ஒன்றும் குறைந்துவிடாது. (குறையும் என்று சண்டைக்கு வருகிறவர்கள் ஜூன் வரை பொறுத்திருங்கள்.) சாதாரண நாளில் செய்தாலும் முடிந்த பிறகு இருக்கும் கரிதான் பிரச்சினை: மேலே சாம்பல் பூத்து ஆறின மாதிரி இருக்கும், உள்ளே இரண்டு மூன்று நாள்கூடக் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, திரும்ப ஊற்றி, கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் சூடே தெரியாத வரை செய்யுங்கள், அப்புறம் மூடி போட்ட உலோக வாளி. பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டவே கூடாது.

அபார்ட்மென்ட் பால்கனியில் சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஒன்று. துண்டைப் பூந்தொட்டியில் குத்தி அணைக்காதீர்கள். கடையில் வாங்கும் தொட்டி மண்ணில் பீட் என்ற மக்கிய தாவரப்பொருள்தான் நிறைய இருக்கும், காய்ந்தால் அது மெதுவாகப் புகைந்து, நீங்கள் தூங்கிய பிறகு காற்றில் பற்றிக்கொள்ளும். சொந்த வீடு என்றால் சுவரிலிருந்து ஐந்தடிக்கு செடிகளைச் சுற்றிப் போடும் மரச்சில்லு, காய்ந்த சருகு எதுவும் கிடக்காமல் பாருங்கள், டெக்குக்கு அடியிலும் கூரைக் கால்வாயிலும் சேர்ந்த இலையை வாரிவிடுங்கள். பறந்து வரும் தீப்பொறி தேடுவது அந்த மாதிரி மூலைகளைத்தான்.

கார். முதலில் கதவு. காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது திறந்தால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் கீலே வளைந்துவிடும், பக்கத்து வண்டியிலும் இடிக்கும், அதனால் வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்துங்கள், குழந்தைகளைத் தாங்களாகக் கதவு திறக்க விடாதீர்கள். ஃபோட்டோ எடுக்கவோ போன் பேசவோ உயரமான காய்ந்த புல்மேல் காரை ஏற்றி நிறுத்தாதீர்கள், அடியில் புகைக்குழாயோடு இருக்கும் கேடலிடிக் கன்வர்ட்டரின் சூடே புல்லைப் பற்றவைக்கப் போதும். யூ-ஹால் வாடகை வண்டியோ டிரெய்லரோ இழுத்துக்கொண்டு வீடு மாறுகிறவர்கள் சங்கிலி ரோட்டில் உரசாமல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், அந்தப் பொறி பத்து மைல் தூரத்துக்கு வழிநெடுகத் தீ வைத்துக்கொண்டே வரும். ஹை விண்ட் நாளில் ஐ-94லோ ஐ-29லோ காலி டிரெய்லர் இழுக்கும் லாரிக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். விதைப்புக்கு முன் வெறும் மண்ணாகக் கிடக்கும் வயல்களிலிருந்து புழுதியும் கிளம்பும். 2022 மே 12 அன்று சூ ஃபால்ஸ் பக்கம் புயலுக்கு முன்னால் கறுப்புச் சுவர் மாதிரி வந்த புழுதியின் படங்களைத் தேடிப் பாருங்கள். மினசோட்டாவில் இருக்கும் மேப்பிள் குரோவ் இந்துக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டோமே என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம், மாநிலத்தின் 511 சேவையில் சாலை நிலவரம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அடுத்த வாரம் போகலாம்.

சாலைக்குக் குறுக்கே புகை தெரிந்தால் உள்ளே ஓட்டிவிடலாம் என்று போகாதீர்கள், திரும்பிவிடுங்கள். புல்தீயை ஓடி முந்த ஆளால் முடியாது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: குளிர்க் காற்று முகப்பு கடக்கும்போது தெற்கிலிருந்து அடித்த காற்று சட்டென்று மாறி வடமேற்கிலிருந்து அடிக்கும், அதுவரை பக்கவாட்டில் நீளமாகக் கிடந்த தீயின் ஓரம் முழுவதும் ஒரே நேரத்தில் முன்னேற ஆரம்பிக்கும். "நம்மைத் தாண்டிப் போய்விட்டது" என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

911க்குப் பேசும்போது இடம் சொல்லத் தெரிய வேண்டும். ஊருக்கு வெளியே கடை, கோயில் மாதிரி அடையாளம் எதுவும் இருக்காது, ஆனால் பெரும்பாலும் ஒரு மைலுக்கு ஒரு ரோடு கட்டம் கட்டமாகப் போகும், அதில் பச்சைப் பலகையில் எண் இருக்கும், ஹைவே என்றால் மைல் எண். அதைப் படித்துச் சொன்னால் போதும். கிராமப்புறங்களில் தீயணைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், வயலிலிருந்தோ கடையிலிருந்தோ வேலையைப் போட்டுவிட்டு வருகிறவர்கள், அதனால் நகரத்தில் மாதிரி ஐந்து நிமிடத்தில் வண்டி வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

போனில் அவசர எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தால் இன்றே போடுங்கள். பாஸ்போர்ட், ஐ-797 (குடியேற்றத் துறையின் அனுமதிக் கடிதம்), மாணவர்கள் என்றால் கல்லூரி தந்த ஐ-20 படிவம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தினமும் போடும் மருந்து, நகை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். காலி செய்யச் சொன்ன பிறகு அலமாரியைக் குடையக் கூடாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் எடுங்கள், கட்டடத்தின் உரிமையாளர் வைத்திருக்கும் காப்பீடு உங்கள் சாமானுக்கு வராது.

மே மாதம் கனடாவில் காடு எரியத் தொடங்கினால் அந்தப் புகையும் இங்கேதான் இறங்கும், 2025 மே கடைசியில் மனிடோபா, சஸ்காட்சுவன் தீ வந்தபோது அப்படித்தான் ஆனது. காற்றுத்தரம் காட்டும் ஏர்நவ் செயலியில் காற்றுத்தர எண் 150ஐத் தாண்டினால் ஜன்னலை மூடி வையுங்கள், ஆஸ்துமா இருப்பவர்கள் வெளியே போனால் என்95 முகக்கவசம் போடுங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் ஃபில்டர் மெர்வ் 13 (வடிகட்டும் திறனின் அளவு) ஆக இருந்தால் நல்லது, ஆனால் பழைய ஃபர்னஸ் சிலவற்றுக்கு அது தாங்காது, அதனால் வாங்குவதற்கு முன் மெயின்டனன்ஸ் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.