பெரிய ஜி, சின்ன ஜி: ஈர்ப்பு விதிக் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

ஈர்ப்பு விதியை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள்கூடக் கணக்கில் கோட்டை விடுவார்கள். காரணம் பெரும்பாலும் தூரம்தான்.

தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு முடுக்கம் (விழும் பொருளின் வேகம் விநாடிக்கு விநாடி கூடும் அளவு) எவ்வளவு என்று கேள்வி. சூத்திரம் இதுதான்: பெரிய ஜி என்ற ஈர்ப்பு மாறிலி × பூமியின் நிறை ÷ தூரத்தின் வர்க்கம். பலர் அதில் தூரமாக 400 கிலோமீட்டரை அப்படியே போட்டுவிடுகிறார்கள். விடை கிட்டத்தட்ட 2,490 மீட்டர்/விநாடி² என்று வரும். தரையிலேயே 9.8 தானே, மேலே போனால் 250 மடங்கு கூடுமா? விதியில் வரும் தூரம் மையத்திலிருந்து மையத்துக்கு. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர்; அதோடு 400-ஐக் கூட்டி, மீட்டராக மாற்றிப் போடுங்கள். 8.7 வரும். தரையில் இருப்பதில் ஏறக்குறைய 89 சதவீதம்! அப்படியென்றால் 'அங்கே ஈர்ப்பே இல்லை, அதனால்தான் மிதக்கிறார்கள்' என்பதும் தவறு. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருப்பதால்தான் அந்த மிதப்பு.

வர்க்கப்படுத்தும்போதும் கவனம் வேண்டும். பூமியின் ஆரத்தை மீட்டரில் 6.4 × 10⁶ என்று எடுத்து, அதை வர்க்கப்படுத்தி 6.4 × 10¹² என்று எழுதிய விடைகள் ஏராளம். 6.4-க்கும் வர்க்கம் உண்டு, 40.96 × 10¹² என்பதே சரி.

அப்புறம், பெரிய ஜி வேறு, சின்ன ஜி வேறு. பெரிய ஜி ஈர்ப்பு மாறிலி: 6.674 × 10⁻¹¹ நியூட்டன் மீட்டர்²/கிலோகிராம்². பூமியிலும் நிலாவிலும் வியாழனிலும் அதே மதிப்புதான். இடத்துக்கு இடம் மாறுவது சின்ன ஜி, அதாவது ஈர்ப்பு முடுக்கம். நிலாவில் அது சுமார் 1.6.

தேங்காய் விழும்போது பூமி மட்டும் இழுப்பதாக எழுதாதீர்கள். தேங்காயும் பூமியை அதே விசையோடு இழுக்கிறது. பூமியின் நிறை சுமார் 6 × 10²⁴ கிலோகிராம் என்பதால் அதன் அசைவு நமக்குத் தெரிவதில்லை.

'1798-இல் ஆங்கில விஞ்ஞானி கேவண்டிஷ் பெரிய ஜியைக் கண்டுபிடித்தார்' என்று எழுதும் வரியையும் கொஞ்சம் திருத்த வேண்டும். அவர் தேடியது பூமியின் அடர்த்தியை. நீரைப் போல 5.48 மடங்கு என்று வெளியிட்டார். மாறிலியின் மதிப்பை அந்த அளவீட்டிலிருந்து கணக்கிட்டவர்கள் பின்னால் வந்தவர்கள். முறுக்குத் தராசில், அதாவது மெல்லிய கம்பியில் தொங்கி, சிறு விசைக்கும் திரும்பும் கோலில் தொங்கிய சிறு ஈயக் குண்டுகளின் அருகே, ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோகிராம் உள்ள பெரிய குண்டுகளைக் கொண்டுவந்தார். உடல் சூட்டில் காற்று அசைந்தால்கூட அளவு கெட்டுவிடும் என்று, அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். அவ்வளவு ஈயம் இழுத்தும் தராசுக் கோல் நகர்ந்தது சில மில்லிமீட்டர்தான். 10⁻¹¹ என்பதை எழுத மறக்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்லிக் காட்டுவேன்.