காருக்கு ஏசி காஸ் ஏற்றுவது: முற்றத்தில் வைத்தே, பத்திரமாக

போன சிறுபோக நெல் வெட்டு நேரம் மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் ஓடித் திரிந்தபோது என் காரின் ஏசி ஓட்டத்தில் குளிர்ந்தது, நின்றால் வெக்கையை ஊதியது. காஸ் குறைந்துபோச்சு என்று நினைத்து ஒரு டின் வாங்கி ஏற்றினேன். இன்னும் மோசமாயிற்று. பிறகுதான் கிரில் வழியாக ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசி காஸின் சூட்டைக் காற்றில் விடுகிற கொண்டென்சரின் தகட்டிடுக்கெல்லாம் நெற்பதரும் கிரவல் தூசியும், நனைந்து காய்ந்த சாக்குத்துண்டு மாதிரி அப்பிக் கிடந்தன. காற்று புகாத இடத்தில் காஸைக் கூட்டினால் அழுத்தம்தான் ஏறும்.

அதனால் முதல் வேலை கழுவுவது. எஞ்சின் ஆறியபின் சாதாரண குழாய்த் தண்ணீரை மெதுவாகப் பிடியுங்கள். சேர்விஸ் நிலைய வேகத்தில் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். ஏசி போட்டதும் முன்னால் உள்ள விசிறி சுற்றுகிறதா, டாஷ்போர்டுக்குள் இருக்கும் காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால்தான் காஸ். அது பெற்றோல்போல எரிந்து தீருகிற சாமான் இல்லை. மூடிய சுற்றுக்குள்ளேயே ஓடுவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

பொனட்டின் கீழ் ஒட்டியிருக்கும் லேபலில் காஸின் வகையும் எத்தனை கிராம் என்பதும் இருக்கும். பெரும்பாலும் ஆர்-134ஏ, புதிய கார்களில் ஆர்-1234வைஎஃப். ஒன்றுக்குள் மற்றதைக் கலக்கக்கூடாது. சமையல் காஸ் அடித்தாலும் குளிரும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தீப்பற்றும், கிட்டவும் போகாதீர்கள். ஹைபிரிட் கார் என்றால் இங்கேயே நில்லுங்கள். அதன் கொம்பிரசர், அதாவது காஸை அமுக்கிச் சுற்றவிடும் பம்பு, உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, ஒயிலும் வேறு. கடை டின்னில் கலந்து வரும் ஒயில் அதைக் கெடுக்கும். கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

இனி வேலை. காலை வெயில் ஏறுமுன், திறந்த முற்றத்தில் செய்யுங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்: 134ஏ வெளியில் வந்தால் கொதிக்கிற வெப்பநிலை மைனஸ் 26 பாகை, தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

தடித்த அலுமினியக் குழாயில் இருப்பதுதான் குறைந்த அழுத்த வாய். டின்னோடு வரும் இணைப்பு அதில் மட்டுமே பொருந்தும். மெல்லிய குழாயில் இருக்கும் மற்ற வாயில் பலவந்தமாக மாட்டினால் டின் வெடிக்கலாம். எஞ்சின் நிற்கும்போது கேஜை, அதாவது அழுத்தம் காட்டும் மானியை, மாட்டிப் பாருங்கள். முள் பூச்சியத்தை ஒட்டி நின்றால் உள்ளே காற்றும் ஈரமும் போயிருக்கும். வக்கூம் இழுக்காமல், அதாவது அதைப் பம்பால் உறிஞ்சி எடுக்காமல், ஏற்றக்கூடாது. அதுவும் கராஜ் வேலை.

அழுத்தம் இருந்தால் எஞ்சினை ஸ்ராட் செய்து, ஏசியைக் கடைசிக் குளிரிலும் ஊதியை முழு வேகத்திலும் வைத்துக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். கொம்பிரசர் 'டக்' என்று பிடிக்கவேண்டும். எங்கள் 33, 34 பாகைச் சூட்டில் கேஜ் ஏறத்தாழ 40 முதல் 50 பிஎஸ்ஐக்குள் நின்றால் காஸ் குறையவில்லை, கழற்றிவிடுங்கள்.

குறைவாக இருந்தால் டின்னைச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டு, டின்னில் மாட்டிய குழாய்க்குள் நிற்கும் காற்றை ஒரு நொடி வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள். டின் எப்போதும் நிமிர்ந்தே இருக்கட்டும். கவிழ்த்தால் திரவம் போய்க் கொம்பிரசரை உடைக்கும். பத்து விநாடி திற, மூடு, ஒரு நிமிடம் பொறு, கேஜைப் பார். 50 கிராமுக்கு ஒருமுறை தராசில் வையுங்கள். டின் சில்லிட்டு ஓட்டம் நின்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம். அடுப்போ வெயிலோ கூடாது. டாஷ்போர்டின் நடுக் காற்றுத் துவாரத்தில் வைத்த வெப்பமானி வெளிச்சூட்டைவிட 15 முதல் 20 பாகை குறைவாகக் காட்டினால் போதும், டின்னில் மிச்சம் இருந்தாலும் நிறுத்துங்கள்.

காஸ் ஏற்றிய வாயின் மூடியைத் திரும்பப் போட மறக்கவேண்டாம். இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். லைற்றர் கொளுத்திப் பார்க்காதீர்கள், சூட்டில் இந்தக் காஸ் நச்சுப் புகையாகும். திகதியையும் ஏற்றிய கிராமையும் ஒரு ரேப்பில் எழுதிப் பொனட்டுக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன். அடுத்த காலபோக வெட்டுக்கு முன் திரும்பவும் குறைந்தால், இன்னொரு டின் வாங்கமாட்டேன், கசிவைத்தான் தேடுவேன்.