சாப்பாட்டு நேரத்தில் பெற்றோர் செய்யும் தவறுகள்

வயிறு நிறைந்ததும் கைக்குழந்தை பாலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை அது. அந்த உணர்வை நாம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறோம், அதுவும் பாசத்தினால். வயிறு முட்டியும் மிச்சம் வைக்க மனசு வராத பெரியவர்களையும், மனசு சரியில்லை என்றால் உடனே எதையாவது கொறிக்கத் தேடுகிறவர்களையும் பார்க்கிறோமே, அவர்களில் பலருக்கு இந்தப் பழக்கம் சின்ன வயதிலேயே தொடங்கியிருக்கும்.

பெரிய தவறு, தட்டைக் காலி செய்தால்தான் எழுந்திருக்கலாம் என்பது. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் குழந்தைகளுக்கு வெவ்வேறு அளவில் உணவு பரிமாறிப் பார்த்தார்கள். 3 வயதுக் குழந்தைகள் தட்டில் எவ்வளவு இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள், 5 வயதுக்காரர்களோ அதிகம் வைத்தால் அதிகம் சாப்பிட்டார்கள். அதாவது வயிற்றைக் கேட்டுச் சாப்பிட்ட பிள்ளை, தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிடுகிறது. சரி, வற்புறுத்தினால் அந்த வேளைக்காவது நன்றாகச் சாப்பிடுமா என்றால் அதுவும் இல்லை. 2006இல் வந்த இன்னொரு ஆய்வில் சூப்பை முடிக்கச் சொல்லி வற்புறுத்தியபோது குழந்தைகள் குறைவாகவே குடித்தார்கள், பிடிக்கவில்லை என்று அதிகம் முணுமுணுத்தார்கள்.

அடுத்தது பேரம். "காய் சாப்பிட்டா இனிப்பு தர்றேன்" என்று சொல்லும்போது பிள்ளைக்கு என்ன புரிகிறது? காய் ஒரு தண்டனை, அதைப் பொறுத்துக்கொண்டால் கிடைப்பது இனிப்பு. பரிசாகக் கொடுக்கும் உணவின் மேல் ஆசை கூடுகிறது, பரிசுக்காக விழுங்க வைத்த உணவு பிடிக்காமல் போகிறது. இந்த இரண்டையுமே லியான் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களின் தொடக்கத்திலேயே சோதனைகளில் காட்டியிருக்கிறார். அழுதால் வாயில் எதையாவது திணித்துச் சமாதானப்படுத்துவதும் இதே வகைதான். வருத்தத்துக்கு மருந்து சாப்பாடு என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது, வளர்ந்த பிறகு அதை மறக்க வைப்பது ரொம்பக் கஷ்டம்.

அதற்காக இனிப்பை அடியோடு தடை செய்து அலமாரியில் பூட்டி வைப்பதும் சரிவராது. வீட்டில் வைத்துக்கொண்டே கிடையாது என்று சொல்லும் தின்பண்டத்தின் மேல்தான் பிள்ளையின் முழுக் கவனமும் போகும், கிடைக்கும்போது அளவு தெரியாது. வீட்டில் அடிக்கடி வாங்காமல் இருக்கலாம், அது வேறு. வாங்கிவிட்டால் ஒளிக்காதீர்கள்.

அப்புறம், இரண்டு தடவை துப்பியதும் "இவனுக்கு இது பிடிக்காது" என்று எழுதிவைத்துவிடுகிறோம். 2 முதல் 6 வயது வரை புது உணவைக் கண்டு பயப்படுவது இயல்பு. பழகப் பல பிள்ளைகளுக்கு எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து தடவைகூட ருசி பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் துளியளவு போதும், மிச்சம் வைத்தால் விட்டுவிடுங்கள். அதே உணவை நீங்கள் எதிரே உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுவது நூறு அறிவுரைக்கு மேல் வேலை செய்யும்.

குண்டு, ஒல்லி என்று சாப்பாட்டு நேரத்தில் உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது. உங்கள் உடம்பை நீங்களே திட்டிக்கொள்வதும் இதில் சேரும், பிள்ளைகள் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படியானால் பெற்றோருக்கு வேலையே இல்லையா? எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் சொல்லும் பிரிவினை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு, சாப்பிடலாமா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. ஆரம்பத்தில் ஒரு வேளை பட்டினியாக எழுந்து போவதைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ஆரோக்கியமான பிள்ளை அடுத்த வேளையிலோ மறுநாளோ அதை ஈடுகட்டிவிடும். எடை குறைகிறது, விழுங்கச் சிரமப்படுகிறது, விரல்விட்டு எண்ணக்கூடிய உணவுகளைத் தவிர எதையுமே தொடுவதில்லை என்றால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.